காற்றடித்த மறுநாட் காலை



ஐப்பசி பிறந்துவிட்டால் நம்மூர் வீடுகளிலே மூத்தவர்கள் முற்றத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்ப்பது பழைய வழக்கம். ஓடு விலகியிருக்கிறதா, முகட்டுச் சாந்து வெடித்திருக்கிறதா, சருகு விழுந்து பீலியை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மழை வருமுன் நாலைந்து ஓடுகளை மாற்றிவிடுவார்கள். அவ்வளவில் அவர்களுடைய கடமை முடிந்தது. அதன்பின்னர் காற்றடித்துக் கூரை போனால் அது காலத்தின் கோலம். ஊரார் கூடிக் கிடுகு கொண்டுவந்து வேய்ந்து கொடுப்பார்கள்.

இன்று நிலைமை வேறு. வீட்டை ஈடுவைத்து வங்கியில் கடன் பெற்றவர்கள் அவ்வீட்டைக் காப்புறுதி செய்யவேண்டியவர்களாய் இருக்கிறார்கள். கடன் இல்லாத வேறு பலரும் தாமாகவே செய்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் தவறாமற் கட்டுப்பணம் செலுத்துகிறார்கள். ஆனால், காற்றடித்த மறுநாட் காலையில் தாம் செய்யவேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன என்பதை அறிந்தவர்கள் அவர்களுள் மிகச் சிலரே. அந்தக் காலைப்பொழுதைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு வடமராட்சியிலே இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய வீடு. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆந் திகதி இரவு, புரெவி என்னுஞ் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி மன்னார்ப் பக்கமாகச் சென்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்நாட்களில் அடித்த காற்றிலே இவ்வீட்டின் கிழக்குப் பக்கக் கூரையில், தாவாரத்திலிருந்து முகடுவரை ஒரு பகுதி ஓடுகள் பெயர்ந்து விழுந்துவிட்டன. இரண்டு அறைகளின் சீலிங் பலகைகள் ஊறித் தொங்கின.

வீட்டார் சோம்பேறிகள் அல்லர். மழை சற்றே விட்டதும் ஆசிரியரின் மனைவியார் விளக்குமாறு எடுத்து முற்றத்தைக் கூட்டத் தொடங்கினார். மகன் உடைந்த ஓடுகளைக் கடகத்தில் அள்ளிக்கொண்டுபோய், படலையடியிலே சேறாய்க் கிடந்த பள்ளத்திற் கொட்டி மிதித்தான். மேசன் வந்தார். மாலைக்குள் புதிய ஓடுகள் ஏறிவிட்டன. ஊறிய பலகைகளைக் கழற்றிக் குசினிக்குப் பின்னால் விறகோடு அடுக்கினார்கள். வீடு பழையபடி துப்புரவாயிற்று. ஐந்தாம் நாள், காப்புறுதி நிறுவனத்தின் சார்பில் இழப்பு மதிப்பீட்டாளர் வந்தார்.

“மாஸ்டர், விழுந்த ஓடு எங்கே?”

“படலையடியிலே போட்டு மிதிச்சாச்சு.”

“எத்தனை ஓடு இருக்கும்?”

“கன ஓடு. ஆர் எண்ணினது?”

மதிப்பீட்டாளரைக் குறைகூற நான் வரவில்லை. அவர் படலையடியிற் குனிந்து, சேற்றுக்குள்ளிருந்து நாலைந்து துண்டுகளைத் தாமே எடுத்துக் கழுவிப் பார்த்தார். ஆனால் கூரையிலே தெரிந்த புதிய ஓடுகளுள் எவை காற்றினாற் போனவற்றுக்கு ஈடாகப் போட்டவை, எவை “வந்ததோடு இதையும் மாற்றிவிடுவோம்” என்று மேசன் மாற்றியவை என்பதை வீட்டாராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பற்றுச்சீட்டிலே “ஓடும் கூலியும்” என்று ஒரே தொகை எழுதப்பட்டிருந்தது. ஈற்றில், கேட்ட தொகையில் நாலில் ஒரு பங்கு கிடைத்தது. ஆசிரியர் மிகவுங் கோபித்தார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அது மெய்யென்று காட்டவல்ல பொருள்கள் யாவும் சேற்றுக்குள் மிதிபட்டுப் போயின.

நாங்கள் துப்புரவை விரும்புகிற மக்கள். வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால், வருமுன்னே கூட்டிக் கழுவி வைப்பது எங்கள் பழக்கம். இந்த ஒரு விருந்தாளிக்கு மட்டும் அந்தப் பழக்கம் ஆகாது. நாங்கள் ஒதுக்கி மறைக்கிற அலங்கோலத்தைப் பார்ப்பதற்காகவே அவர் வருகிறார்.

காப்புறுதி நிறுவனம் எதற்காகப் பணம் தருகிறது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். கூரை பழுதடைந்தது என்பதற்காக அது பணம் தருவதில்லை. ஒப்பந்தத்திலே பெயர் குறித்துச் சொல்லப்பட்ட ஓர் அபாயத்தினாற் பழுதடைந்தது என்பதற்காகவே தருகிறது. வீட்டுக் காப்புறுதியின் அடிப்படை தீக் காப்புறுதி. புயல், சூறாவளி, வெள்ளம், மண்சரிவு என்பவை அதனோடு சேர்த்துக்கொள்ளப்படுபவை. சேர்த்திருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தைப் பார்த்தே அறியவேண்டும். 1978ஆம் ஆண்டு நவெம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியிலே காற்றுத்தான் பேரழிவு செய்தது. 900க்கு மேற்பட்டோர் மாண்டார்கள், கூரைகளும் தென்னந்தோட்டங்களும் போயின. 2025ஆம் ஆண்டு நவெம்பர் இறுதியில் வந்த டித்வாவோ வெள்ளத்தினாலும் மலைநாட்டு மண்சரிவினாலுமே பெருங்கேடு விளைத்தது. மக்கள் இரண்டையும் சூறாவளி என்ற ஒரே சொல்லாற் சொல்வார்கள். ஒப்பந்தமோ காற்றை ஒரு வரியிலும் வெள்ளத்தை இன்னொரு வரியிலும் வைத்திருக்கும். ஒன்று இருந்து மற்றையது இல்லாமலும் இருக்கலாம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால், கிளை அலுவலகத்துக்குச் சென்று, இந்த வரிகளைத் தமிழில் வாசித்து விளக்கும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது, ஒழுக்கு. மழைநீரால் வீட்டினுட்புறம் பழுதடைந்தால், காற்று முதலிற் கூரையைத் திறந்து, அந்தத் திறப்பின் வழியாக நீர் புகுந்திருக்க வேண்டும் என்பது பல ஒப்பந்தங்களிற் காணப்படும் நிபந்தனை. பல ஆண்டுகளாக ஒழுகிய கூரை அன்றைக்கும் ஒழுகியது என்றால் அதற்கு ஈடு கிடையாது. தேய்வு, துரு, உக்கல், கறையான் ஆகியவற்றையும் காப்புறுதி ஏற்பதில்லை. ஆகவே மதிப்பீட்டாளரின் மனத்தில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இதைச் செய்தது காற்றா, காலமா? நீங்கள் சேர்த்து வைக்கும் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு குறிப்பும் இந்தக் கேள்விக்கே விடையாக அமையவேண்டும்.

காற்று என்ன செய்யும் என்பதை அறிந்தால் எங்கே பார்ப்பது என்பதும் விளங்கும். காற்றுக் கூரையைத் தள்ளுகிறது என்றே நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது கூரையை உறிஞ்சித் தூக்குகிறது. கூரையின் விளிம்பையும் முகட்டையும் தாண்டி விரைந்தோடுகையில் அங்கே காற்றின் அழுத்தம் குறைகிறது. வீட்டினுள்ளே உள்ள காற்றின் அழுத்தம் அதனிலும் பார்க்கக் கூடியது. ஆகையால் ஓடு கீழிருந்து மேலே எழும்புகிறது. விறாந்தை திறந்த வீடுகளிலும், கதவோ யன்னலோ உடைந்த வீடுகளிலும் காற்று உள்ளே புகுந்து அடியிலிருந்தும் தள்ளும். இந்த இழுவை கூரையின் நடுப்பகுதியிலும் பார்க்க தாவாரம், மூலை, முகட்டோரம் ஆகிய இடங்களில் மிகுதி. முதலிற் பார்க்கவேண்டிய இடங்களும் இவையே.

அன்றியும், விழாத ஓடுகள் எல்லாம் தப்பிய ஓடுகள் அல்ல. சீமை ஓட்டின் பின்புறத்தில் சிலாகையைப் பிடித்துக்கொள்ளும் சிறிய மூக்கு ஒன்றுண்டு. காற்று ஓட்டைத் தூக்கிப் போடும்போது அந்த மூக்கு உடைந்து, ஓடு தன்னிடத்தில் இருப்பதுபோலவே தோன்றும். முற்றத்தில் நின்று பார்த்தால் அது தெரியாது. பகல் வேளையில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சீலிங்குக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தால், நட்சத்திரம்போல வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளிகளைப் படம் எடுங்கள். கூரை ஏறாமலே கிடைக்கும் சான்றுகளுள் அதற்கு ஈடானது வேறில்லை.

காற்றின் திசையும் ஒரு சான்று. நமது பக்கத்துச் சூறாவளிகளில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிற் சுழல்கிறது. சூறாவளி வங்கக் கடலிலிருந்து மேற்கு நோக்கி வந்து உங்கள் ஊருக்குத் தெற்கே கடந்து சென்றால் உங்களுக்குக் காற்றுக் கிழக்கிலிருந்து வரும். நடுப்பகுதி ஊருக்கு நேர்மேலே சென்றால், முதலில் வடக்கிலிருந்து அடித்து, சற்று ஓய்ந்து, பின்னர் தெற்கிலிருந்து அடிக்கும். எந்த நேரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது என்பதை அன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கூரையின் எந்தப் பக்கம் போயிற்று என்பதோடு அது பொருந்தி வருமானால் உங்கள் கூற்றுக்கு வலிமை கூடும்.

இனி, பழுது புதிதா பழையதா என்று அறிவது எப்படி? சீமை ஓடு அன்று உடைந்ததானால் உடைந்த முகம் செங்கல்லைப்போலப் பளிச்சென்று சிவந்திருக்கும். முன்னரே உடைந்ததானால் அம்முகத்திற் பாசியும் கருமையும் படிந்திருக்கும். தகரமானால், ஆணித் துளை கிழிந்த ஓரத்தில் உலோகம் மின்னுகிறதா, துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கலாம். அஸ்பெஸ்டஸ் தகட்டில் வெடிப்பு பெரும்பாலும் கொளுக்கி ஆணியைச் சுற்றியே தொடங்கும். புதிய வெடிப்பின் ஓரம் வெளிறியிருக்கும். சீலிங்கிலே பழைய ஒழுக்கு, ஆண்டுதோறும் மழைக்கு ஒன்றாக, வளையத்துக்குள் வளையமாகப் பழுப்பு நிறத்தில் அடையாளம் வைத்திருக்கும். நேற்றைய நீரோ ஒரே ஈரமாகப் பரந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் அது காய்ந்து தானும் ஒரு வளையமாகிவிடும். அதனாலேதான் முதல் நாட் காலைப் படத்துக்கு இத்தனை மதிப்பு.

அஸ்பெஸ்டஸ் என்றதும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். உடைந்த தகட்டை உலர்ந்த நிலையில் நொறுக்கவோ, வாளால் அரியவோ, அதன் தூளைத் துடைப்பத்தாற் கூட்டவோ வேண்டாம். அத்தூள் சுவாசப்பைக்குள் சென்று பல ஆண்டுகளின் பின் கொடிய நோய்களை உண்டாக்கக்கூடியது. நீர் தெளித்து நனைத்து, வாயையும் மூக்கையும் காக்கும் நல்ல கவசம் அணிந்து, துண்டுகளை முழுதாக எடுத்து ஒரு பக்கத்தில் மூடி வையுங்கள்.

படம் எடுப்பதைப் பற்றி விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இன்று பெரும்பாலான வீடுகளிலே கைத்தொலைபேசியில் படக்கருவி இருக்கிறது. ஆனால் மக்கள் எடுக்கும் படங்களோ பெரும்பாலும் உடைந்த இடத்துக்கு அருகே சென்று எடுத்தவையாக இருக்கின்றன. ஓர் உடைந்த ஓடு முழுப் படத்தையும் நிரப்பி நிற்கும். அது யாருடைய வீட்டு ஓடு, கூரையின் எந்தப் பக்கத்து ஓடு என்பதை அந்தப் படம் சொல்லாது. முதலில் வீதியில் நின்று, படலையும் வீட்டிலக்கமும் தெரியும்படி ஒரு படம். பின்னர் வீட்டின் நாலு பக்கங்களும், நாலு மூலைகளும். அதன்பின் பழுதான ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று படங்கள்: அந்தப் பக்கக் கூரை முழுவதும் தெரியும் தூரப்படம் ஒன்று, பழுதான பகுதி மட்டும் ஒன்று, உடைவின் முகம் தெரியும் கிட்டப்படம் ஒன்று. கிட்டப்படத்தில் ஓர் அடிமட்டத்தையோ அளவு நாடாவையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் அரை அடி வெடிப்பும் மூன்று அடி வெடிப்பும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றும். கடதாசித் துண்டில் 1, 2, 3 என்று இலக்கமிட்டு ஒவ்வோர் இடத்திலும் வைத்து எடுத்தால், பிற்பாடு எழுதும் பட்டியலோடு படங்களை ஒப்பிடுவது எளிதாகும்.

பின்பு வீட்டுக்குள்ளே வாருங்கள். ஒவ்வோர் அறையிலும் வாசலில் நின்று முழு அறையையும் எடுத்து, அதன் பின்னர் சீலிங்கையும் சுவரையும் நிலத்தையும் எடுங்கள். நீர் புகுந்த இடத்திலேயே சொட்டும் என்று எண்ணவேண்டாம். அது கைமரத்தின் வழியே ஓடிப் பத்தடி தள்ளியும் சொட்டும். அந்த ஓட்டத்தை முடிந்தவரை தொடர்ந்து படமெடுங்கள். நனைந்த மெத்தை, அலுமாரி, மின்சாதனப் பொருள்கள் யாவற்றையும் அவை கிடந்த இடத்திலேயே வைத்து எடுத்த பின்னரே வெயிலுக்குக் கொண்டுசெல்லுங்கள். ஆனால் வீட்டுத் தளபாடங்களுக்குத் தனியாகக் காப்புறுதி செய்யாவிட்டால், கட்டடத்துக்கான ஒப்பந்தம் அவற்றைச் சேர்த்துக்கொள்ளாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

கூரையில் ஏறவேண்டாம். மழையில் நனைந்த ஓடு பாசியால் வழுக்கும். அறுந்த மின்கம்பி தகரத்திற் பட்டிருக்கலாம். அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. நீங்கள் காலை வைக்கும் ஒவ்வோர் இடத்திலும் இன்னோர் ஓடு உடையும். பிறகு காற்று உடைத்தது எது, கால் உடைத்தது எது என்று யார் சொல்வது? அயல்வீட்டு மேல்மாடியிலிருந்து எடுக்கலாம். நீண்ட தடியொன்றிற் கைத்தொலைபேசியைக் கட்டி உயர்த்தியும் எடுக்கலாம். எங்களூர்ப் பிள்ளைகள் தங்களைத் தாங்களே படமெடுப்பதற்கு வைத்திருக்கும் தடி இந்த ஒரு நாளிலாவது நல்ல காரியத்துக்குப் பயன்படட்டும்.

எடுத்த படத்திலே நாளும் நேரமும் மறைவாகப் பதிந்திருக்கும். வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணப் படமாக அனுப்பும்போது படம் சுருங்கி, அந்தப் பதிவும் நீங்கிவிடுகிறது. ஆகவே மூலப்படத்தை அழிக்காமல் கைத்தொலைபேசியிலேயே வைத்திருங்கள். மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு பிரதியை அனுப்பியும் வையுங்கள். வெள்ளத்திற் கைத்தொலைபேசியே போய்விடவும் கூடும் அல்லவா?

படத்தோடு எண்ணிக்கையும் வேண்டும். ஒரு தாளில் கூரையின் உருவத்தைக் கீறி, வடக்கு எது என்று அம்புக்குறி இடுங்கள். பழுதான பகுதியில் எத்தனை வரிசை, ஒரு வரிசையில் எத்தனை ஓடு என்று எண்ணிப் பெருக்குங்கள். தாவாரத்திலிருந்து முகடுவரை 14 வரிசையும், அகலத்தில் 9 ஓடும் போயிருந்தால் 126 ஓடுகள். சீமை ஓடு 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 140 பிடிக்கும் என்பதைக் கொண்டு கணக்கைச் சரிபார்க்கலாம். முகட்டோடுகளை வேறாக எண்ணுங்கள். முறிந்த சிலாகை, கைமரம் ஆகியவற்றின் நீளத்தையும், மரம் பனையா வேறா என்பதையும் எழுதுங்கள். “கன ஓடு” என்பதற்கும் “126 ஓடு” என்பதற்கும் உள்ள வேறுபாடு ஆசிரியர் வீட்டில் நாம் கண்டதே.

இங்கே ஒரு முரண்பாடு உங்களுக்குத் தோன்றலாம். ஒன்றையும் தொடாமல் மதிப்பீட்டாளரைக் காத்திருப்பதா? அடுத்த மழை வந்து மிகுதி வீட்டையும் நனைக்குமே? நியாயமான கேள்வி. உண்மையில், மேலும் சேதம் வராமற் தடுப்பது காப்புறுதி செய்தவரின் கடமை என்பதும் ஒப்பந்தத்தின் நிபந்தனைதான். காப்புறுதியே இல்லாத ஒரு விவேகி தன் வீட்டுக்கு என்ன செய்வானோ அதை நீங்களும் செய்யவேண்டும். ஆகவே படமெடுத்து முடிந்த உடனேயே தறப்பாள் கட்டுங்கள். கட்டிய பின்னரும் ஒரு படம் எடுங்கள். தறப்பாள், கயிறு, கூலி ஆகியவற்றுக்குப் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். இது தற்காலிகக் காப்பு. நிலையான திருத்தம் வேறு. அதற்கு மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை, அல்லது நிறுவனம் எழுத்தில் அனுமதி தரும்வரை பொறுத்திருங்கள். தொலைபேசியில் “செய்யுங்கோ” என்று ஒருவர் சொன்னால், அவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அன்றே அதைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

உடைந்த ஓடுகளை ஒரு மூலையில் குவித்து வையுங்கள். முற்றத்தைக் கூட்டத்தான் வேண்டும் என்றால் கூட்டுங்கள். படலைக்கு வெளியே மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

பத்திரங்கள் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நிறுவனத்துக்கு அன்றே தொலைபேசியில் அறிவித்து, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். எழுத்திலான கோரிக்கையை எத்தனை நாளைக்குள் கொடுக்கவேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த எல்லை குறுகியது. கிராம உத்தியோகத்தரிடம் சேதத்தைக் காட்டி உறுதிக் கடிதம் பெறுங்கள். பிரதேச செயலகத்தின் நிவாரணத்துக்கும் அதுவே தொடக்கம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அவதானிப்பு நிலையங்கள் யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு முதலிய இடங்களில் உள்ளன. அன்றைய காற்று, மழை பற்றிய விபரம் அங்கிருந்து கிடைக்கும்.

ஆயினும் பெயர் பெற்ற சூறாவளிகளே கூரைகளைக் கொண்டுபோகின்றன என்று எண்ணிவிடக்கூடாது. பங்குனி, சித்திரை மாதங்களிலும், வாடைக்காற்றுத் தொடங்குவதற்கு முன்னரும், பிற்பகல் இடிமழையோடு திடீரென்று ஒரு காற்று எழும்பி, பத்து நிமிடத்தில் ஒரு கிராமத்தின் ஒரு தெருவை மட்டும் பிய்த்துவிட்டுப் போய்விடும். மினி சூறாவளி என்று பத்திரிகைகள் எழுதுகிற காற்று அது. இருபது மைல் தொலைவிலுள்ள நிலையத்தின் கருவிக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அந்நாளில் உங்கள் சாட்சி அயலவர்களே. முறிந்து விழுந்த அயல்வீட்டு முருங்கையையும், சாய்ந்த வேலியையும், எதிர்வீட்டுத் தகரத்தையும் அவர்களுடைய சம்மதத்தோடு படமெடுங்கள். உங்கள் கூரை மாத்திரம் போயிருந்தால் பழுது கூரையில் என்று சொல்லலாம்; தெரு முழுவதும் போயிருந்தால் அப்படிச் சொல்வது கடினம்.

திருத்தச் செலவுக்கு மதிப்பீடு வாங்கும்போது ஓடு இத்தனை, விலை இவ்வளவு, மரம் இத்தனை அடி, கூலி இத்தனை நாள் என்று வேறுவேறாக எழுதித் தரும்படி கேளுங்கள். மேசன்மார் சிலர் இதற்கு முகஞ்சுளிப்பார்கள். எழுதத் தெரியாதவரானால் நீங்களே எழுதி, வாசித்துக்காட்டி, கையொப்பம் வாங்குங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் கையில் வரும் தொகை குறைவாக இருப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இதை அறியாமல் மதிப்பீட்டாளரைத் திட்டுபவர்கள் அனேகர். ஒரு வீட்டை இன்று திரும்பக் கட்டுவதற்கு 80 இலட்சம் ரூபா செல்லும் என்று வைத்துக்கொள்வோம். காணியின் விலை இதில் இல்லை. உரிமையாளர் 40 இலட்சத்துக்கே காப்புறுதி செய்திருக்கிறார். கூரைச் சேதம் 4 இலட்சம். அவர் 4 இலட்சம் முழுவதையும் எதிர்பார்க்கிறார். பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தவர் பாதி அபாயத்தைத் தாமே ஏற்றுக்கொண்டவர் என்பது பல ஒப்பந்தங்களிலுள்ள சராசரி நிபந்தனை. ஆகவே கணக்கு 2 இலட்சத்தில் நிற்கும். அதிலிருந்தும், உரிமையாளர் தாமே தாங்கவேண்டிய ஆரம்பப் பகுதி கழிக்கப்படும். பழைய பொருளுக்குத் தேய்மானமும் கழிக்கப்படலாம். 2022ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி சரிந்து, சீமெந்து, கம்பி, தகரம் எல்லாம் விலையேறியபின், அதற்கு முன்னர் குறித்த தொகையை இன்னும் மாற்றாமல் வைத்திருப்பவர்கள் பலர். கட்டுப்பணம் சற்றுக் கூடும் என்று தயங்குகிறார்கள். அடுத்த புதுப்பித்தலுக்கு முன் இந்தத் தொகையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ஒரு சபலத்தைப் பற்றியும் ஒளிக்காமற் பேசவேண்டும். “எப்படியும் கோரிக்கை போடுகிறோம், பின்பக்கத்துப் பழைய ஒழுக்கையும் இதோடு சேர்த்துவிடுவோமே” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். காப்புறுதி பரஸ்பர நம்பிக்கையிலே நிற்கும் ஒப்பந்தம். ஒரு சிறு பொய் வெளிப்பட்டால் கோரிக்கை முழுவதையும் மறுக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. பாசி பிடித்த ஓட்டையும், வளையம் விழுந்த பலகையையும் நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்ணை ஏமாற்றுவது எளிதுமல்ல. பழைய பழுதை நீங்களே முதலிற் காட்டி “இது முந்தியது” என்று சொல்லிவிட்டால், பக்கத்திலுள்ள புதிய பழுதைப் பற்றி நீங்கள் சொல்வதையும் அவர் நம்புவார்.

நிறுவனத்தின் தீர்மானம் நியாயமற்றது என்று கண்டால், காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். மேலிடத்துக்கு முறையிட்டும் பயனில்லையென்றால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் செல்லலாம். அங்கே சென்றாலும் முதலிற் கேட்பது இந்தப் படங்களையும் கணக்கையுந்தான்.

ஆசிரியரின் வீட்டுக்குப் பின்னொரு புரட்டாதியில் நான் போயிருந்தேன். வெயில் நன்றாக எறித்துக்கொண்டிருந்தது. காற்றும் இல்லை, மழையும் இல்லை. அவருடைய பேத்தி முற்றத்தின் ஒவ்வொரு மூலையாக நின்று கூரையைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். பழுதில்லாத நாளில் எடுத்த படம் பழுதான நாளிற் பேசும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தபடி அவளுக்குக் கட்டளை இட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பப்பா, சுவாமி அறைக்கு மேலே முந்தியே வெடிச்ச ஓடு ஒண்டு கிடக்கு. அதையும் எடுக்கவோ?”

ஆசிரியர் சற்று யோசித்தார்.

“எடு பிள்ளை. எடுத்துப்போட்டு, மேசனுக்கும் ஒருக்காச் சொல்லு.”